டவர் சொன்ன சாட்சி

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வழிப்பறியோ கொலையோ, தங்கள் விசாரணை அதிகாரிகள் முதல் வேலையாகக் கேட்டு வாங்குவது சி.டி.ஆர். என்னும் அழைப்புப் பட்டியல். யார் யாரிடம் எத்தனை வினாடி பேசினார்கள் என்பதோடு, அப்போது செல்போன் எந்த டவரைப் பிடித்திருந்தது என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கும். துப்பே இல்லாத வழக்கென்றால் ‘டவர் டம்ப்’. சம்பவ நேரத்தில் அந்த டவரில் பதிவான எண்கள் அத்தனையும் மூட்டையாக வந்து இறங்கும். குற்றவாளியின் எண்ணோடு, எதிர்ச்சாரி டீக்கடைக்காரரின் எண்ணும் பஸ்ஸில் கடந்துபோன மாணவியின் எண்ணும் அதில் கிடக்கும்.

இதை வைத்துப் பிடிபட்டவர்கள் ஏராளம், மறுப்பதற்கில்லை. ஆனால் டவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நகரத்தில் அதன் வீச்சு சில நூறு மீட்டர். கிராமத்துப் பக்கம் சில கிலோமீட்டர். பக்கத்து டவரில் நெரிசலென்றால் போன் தள்ளியிருக்கும் டவருக்குத் தாவிவிடும். நாலு தெரு தள்ளித் தன் வீட்டில் தூங்கியவரையும் ‘சம்பவ இடத்தில் இருந்தார்’ என்று குற்றப்பத்திரிகையில் எழுதிவிட முடியும். அந்த நேரம் போன் மகன் கையில் இருந்திருந்தால்? அதுவும் டவருக்குத் தெரியாது.

டென்மார்க் இதில் சூடு கண்ட நாடு. தொலைபேசி நிறுவனங்கள் தரும் மூலத் தரவை மாற்றித் தரும் காவல்துறை மென்பொருள், சில விவரங்களை நடுவழியில் விட்டுவிட்டது 2019-இல் தெரியவந்தது. சில போன்கள் தவறான டவரோடு சேர்க்கப்பட்டதும் வெளிப்பட்டது. தலைமை அரசு வழக்கறிஞர் இரண்டு மாதங்களுக்கு இத்தகைய சாட்சியத்தையே நிறுத்திவைத்தார். 2012 முதலான 10,700 வழக்குகள் மறுஆய்வுக்குப் போயின. காவலில் இருந்த 32 பேர் விடுவிக்கப்பட்டனர். இத்தனைக்கும் தவறை ஒப்புக்கொண்டது அரசே. அந்த நேர்மைக்கு ஒரு சபாஷ் போடலாம்.

அமெரிக்காவில் கார்பென்டர் என்பவரின் 127 நாள் நடமாட்டத்தை எஃப்.பி.ஐ. இப்படித்தான் எடுத்தது: 12,898 இடப் பதிவுகள். பொதுவாக இதற்கு நீதிமன்ற வாரன்ட் வேண்டும் என்று 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே பா.ஜ.க.வின் அருண் ஜெட்லியின் அழைப்புப் பட்டியலை முறைகேடாக எடுக்க முயன்ற விவகாரம் வெடித்த பிறகு, 2013-இல், எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் கேட்கலாம் என்று விதி வந்தது. பாதிக்கப்பட்டவர் பெரிய தலைவர் என்பதால் விதி சீக்கிரமே பிறந்தது!

மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் நம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த தாள் சரியானது என்பதற்குத்தான் அது சான்று. ஆள் எங்கே நின்றார் என்பதற்கு அல்ல.

ஆகவே, டவர் லொகேஷனை நம்பும் ஒவ்வொரு குற்றப்பத்திரிகையிலும் அந்த டவரின் வீச்சு வரைபடத்தை இணைக்க உத்தரவிடுங்கள். வழக்கோடு தொடர்பில்லாத எண்களை டம்ப்பிலிருந்து அழிக்கக் கெடு வையுங்கள். இந்த ஒற்றைச் சாட்சியத்தால் இன்று சிறையில் இருப்பவர்களின் வழக்குக் கட்டுகளை ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.