சுரண்டாத சுவரில் வண்ணம் நிற்காது

போன மார்கழியில், கல்லூரி விடுமுறைக்கு வந்த மகளும் நானும் எங்கள் வீட்டு வெளிச்சுவருக்கு நாங்களே வண்ணம் அடித்தோம். ஆறு நாள் வேலை. அதில் நான்கு நாள் பெயின்ட் டப்பாவைத் திறக்கவேயில்லை. பழைய சுண்ணாம்பைத் தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுவிக் காயவிட்டு, விரிசல்களுக்குப் பட்டி பார்த்தோம். பொடி உதிரும் சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் அடித்தால் தோல் தோலாக உரிந்துவிடும். முன்பு அவசரமாகக் கூலிக்கு விட்டபோது எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

பனி காய்ந்த பிறகு மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர். வெயில் பட்ட சுவரில் பெயின்ட் பரவுமுன்பே காய்ந்து திட்டுத்திட்டாகிவிடும்.

ஜன்னல் கம்பிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கலாம். குழந்தைகளின் மூளைக்கு அது நஞ்சு. நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மாடிச் சுவரை மட்டும் சாரம் கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்தேன். அவர் கேட்ட கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை.