ஜோதிபாசுவும் மரிச்ஜாப்பித் தண்ணீரும்

ஜோதிபாசு நினைவு நாள் கூட்டத்துக்குக் கவிதை கேட்டார் எங்கள் வங்கி ஊழியர் சங்கத்து அண்ணாச்சி. ரிட்டையர் ஆனவர். சங்கம்தான் அவருக்கு வீடு. "தம்பி, இருபது வரி போதும். நம்ம கரிசக்காட்டுப் பாஷையில இருக்கட்டும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பது வரியைத் தலையாட்டி ரசித்துப் படித்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார். "மரிச்ஜாப்பி எதுக்கு இதுல? எடுத்திருங்க தம்பி. எதிரிக்குத் தீனி போடக்கூடாது."

யார் எதிரி? அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சி கும்பிடுகிற பாசுவை எனக்கும் தெரியும். 1914இல் கல்கத்தாவில் டாக்டர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவர். லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்துவிட்டு 1940இல் திரும்பியவர், கோட்டு மாட்டிக் காசு பார்க்கப் போகாமல் கட்சிக்குப் போனார், ரயில்வேத் தொழிலாளியிடம் போனார். 1977 ஜூன் தொடங்கி 2000 நவம்பர் வரை முதலமைச்சர். 23 வருஷம்! 1978இல் 'ஆபரேஷன் பர்கா' கொண்டுவந்து சுமார் 14 லட்சம் வாரக் குடிகளின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது அவர் அரசு. வாரத்துக்கு உழுகிறவனை நினைத்த நேரத்தில் கிளப்பிவிட முடியாது என்றால் அது என்ன பெரிய விஷயம் என்று மானாவாரிக் காட்டுக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2010 ஜனவரி 17இல் செத்தபோது கொள்ளியும் கருமாதியும் இல்லாமல் உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார். இதில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கப்பாவை நிமிர்ந்து நின்று கூலி கேட்கப் பழக்கியதே செங்கொடிதான்.

இனி அண்ணாச்சி எடுக்கச் சொன்ன வரி.

1946இல் அரசியல் நிர்ணய சபைக்கு அம்பேத்கரை பம்பாய் அனுப்பவில்லை. வங்காளம் அனுப்பியது. ஜோகேந்திரநாத் மண்டலும் நாமசூத்திரர்களும் அவரை ஜெயிக்க வைத்தார்கள். அதே வங்காளச் சட்டசபையில் ரயில்வேத் தொகுதி உறுப்பினராக உட்கார்ந்திருந்தார் பாசு. பிரிவினையில் அந்த மக்களின் ஜெசூரும் குல்னாவும் பாரிசாலும் பாகிஸ்தானுக்குப் போயின. முதலில் ஓடிவந்த மேல்சாதிக்காரர்கள் கல்கத்தாவைச் சுற்றிப் புறம்போக்கில் குடியேறினார்கள். அவை நாளாவட்டத்தில் 'காலனி' ஆயின, பட்டாவும் வந்தது. பின்னால் வந்த நாமசூத்திர உழவனை என்ன செய்தார்கள்? மூட்டை கட்டித் தண்டகாரண்யத்துக்கு அனுப்பினார்கள். ஆற்றங்கரையில் நெல்லும் மீனுமாய் வாழ்ந்தவனுக்குக் கல்லுக்காடு. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த இடதுசாரிகள் அதை எதிர்த்தார்கள், இவர்களை வங்காளத்திலேயே குடியமர்த்து என்று கேட்டார்கள். அந்தப் பேச்சைத்தான் சனங்கள் நம்பியது.

1977இல் ஆட்சி வந்தது. 1978இல் தாலி, பாத்திரத்தை விற்று நம்ம அரசாங்கம் வந்துருச்சு என்று கிளம்பி வந்தார்கள். நிறையப் பேரை வழியிலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். மிஞ்சியவர்கள், சுமார் 30,000 பேர், சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பித் தீவில் இறங்கினார்கள். சர்க்காரிடம் சல்லிக்காசு வாங்காமல் குழாய்க்கிணறு இறக்கினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், மருந்தகம் வைத்தார்கள், படகு செய்தார்கள், மீன் வளர்த்தார்கள்.

சொந்தக் காலில் நின்ற அந்தச் சேரி யார் கண்ணை உறுத்தியது?

1979 ஜனவரி கடைசியில் 144 போட்டு, போலீஸ் லாஞ்சுகளைத் தீவைச் சுற்றி நிறுத்தினார்கள். அரிசி போகக்கூடாது, மருந்து போகக்கூடாது, குடிதண்ணீர் போகக்கூடாது. சுற்றிலும் உப்புத் தண்ணி, குடிக்க ஒரு வாய் கிடையாது. உவர்க் கிணற்றில் குடத்தோடு காத்துக் கிடந்த எங்க ஊர்ப் பொம்பளைகளுக்கு அது புரியும். ஜனவரி 31இல் துப்பாக்கிச் சூடு. மே மாசம் குடிசைகளைக் கொளுத்தி, மிச்சமிருந்த சனத்தை அள்ளிக்கொண்டுபோய்த் திரும்பவும் தண்டகாரண்யத்தில் கொட்டினார்கள். அரசு ஒத்துக்கொண்ட சாவு இரண்டு. தப்பியவர்கள் நூற்றுக்கணக்கில் சொல்கிறார்கள். தண்டிக்கப்பட்ட போலீஸ்காரன் ஒருவனும் இல்லை.

காரணம் கேட்டால் 'காப்புக்காடு' என்றார்கள். அந்தத் தீவில் மரத்தை வெட்டிவிட்டுத் தென்னை வைத்ததே சர்க்கார்தான். சர்க்கார் தென்னை காட்டைக் கெடுக்காது, நாமசூத்திரன் குடிசை கெடுத்துவிடும்!

1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது எனக்கு அஞ்சு வயசு. வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் டிவி, காற்றாடி என்று தலைநிமிர்ந்த ஊர். எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிக் குடிதண்ணீர்க் கிணற்றில் விஷத்தையும் ஊற்றினார்கள். எங்கம்மா இன்னைக்கும் அதைச் சொல்லும்போது கிணற்றைத்தான் முதலில் சொல்லும். அண்ணாச்சியும் அன்றைக்குக் கண்டனக் கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசியவர், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அண்ணாச்சி, ஜெயலலிதா போலீஸ் தலித்தின் தண்ணீரில் கைவைத்தால் அது 'அரசு பயங்கரவாதம்', பாசு போலீஸ் வைத்தால் 'சட்டம் ஒழுங்கா'? லத்தியில் செங்கொடி கட்டியிருந்தால் வலிக்காதா? வெண்மணியின் 44 பேருக்கு வருஷா வருஷம் டிசம்பரில் அழுகிறோம், அழத்தான் வேண்டும். மரிச்ஜாப்பிக்கு எந்த மாசம் அழுவது?

வர்க்கம் பேசு, சாதி தானா உதிரும் என்று எனக்கும் பாடம் நடத்தினார்கள். 1980இல் பிற்படுத்தப்பட்டோர் பற்றிய கேள்வி வந்தபோது, பாசு அரசு அமைத்த குழு சாதியை ஒதுக்கிவிட்டு வறுமையை அளவுகோலாக வைக்கச் சொன்னது. 1964இல் உண்டான மார்க்சிஸ்ட் கட்சியின் பொலிட்பீரோவுக்குள் முதல் தலித் நுழைந்தது 2022இல். 58 வருஷம்! சாதி இல்லாத இடத்தில் சாதி இவ்வளவு கச்சிதமாக எப்படி வேலை செய்தது?

1996இல் பிரதமர் நாற்காலி வந்தும் கட்சி தடுத்துவிட்டதே என்று இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறார்கள். 'வரலாற்றுப் பெரும்பிழை' என்று அதற்குப் பெயர் வைத்தவர் பாசுவேதான். மரிச்ஜாப்பிக்கு அந்தப் பெயரை அவர் வைக்கவில்லை.

கூட்டம் நடந்தது. வேறொரு தோழர் வாசித்த கவிதையில் சூரியன், விடியல் எல்லாம் இருந்தது. முடிந்ததும் அண்ணாச்சி என் காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்து, "கோவிச்சுக்கிடாதீங்க தம்பி, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். கோபமெல்லாம் இல்லை அண்ணாச்சி. அடுத்த ஜனவரிக்கும் இதே இருபது வரிதான் கொண்டுவருவேன்.