கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!

பிறந்த வீட்டை விட புகுந்த வீட்டில் அதிகம் உழைக்கிற ஆங்கில வார்த்தை எது தெரியுமா மக்களே? 'அட்ஜஸ்ட்' தான்!

ஆங்கிலத்தில் சைக்கிள் சீட்டை ஏற்றி இறக்கினால் அட்ஜஸ்ட். ஓடிப்போன கடிகாரத்தைச் சரியான மணிக்குத் திருப்பினாலும் அட்ஜஸ்ட். பிரிட்டனில் இன்ஷூரன்ஸ் நஷ்டத்தை மதிப்பிடுகிறவருக்குப் பெயரே 'லாஸ் அட்ஜஸ்டர்'. இதிலெல்லாம் ஒரு அளவு உண்டு. சரியான இடம் வந்ததும் வேலை முடிந்தது.

நம்ம ஊரில்? மூணு பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்காரணுமா, அட்ஜஸ்ட். ஒரு ரூபாய் சில்லறைக்குப் பதில் மிட்டாயா, அட்ஜஸ்ட். மாப்பிள்ளை கை நீட்டுகிறாரா... அதுக்கும் இதே வார்த்தைதான்!

சூட்சுமம் இலக்கணத்தில் இருக்கிறது. பொருள் என்றால் 'அட்ஜஸ்ட் பண்ணு'. ஆள் என்றால் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'. அந்தக் குட்டி 'க்கோ' சேர்ந்ததும், கோணலாக இருப்பதை விட்டுவிட்டு, நேராக நிற்பவரை வளையச் சொல்கிறோம். கவனித்துப் பாருங்கள், இது மேலிருந்து கீழேதான் பாயும். மேனேஜர் ஊழியரிடம் சொல்வார், மாமியார் மருமகளிடம் சொல்வார். திருப்பிச் சொன்னால் அதற்குப் பெயர் திமிர்!

இது எதுவரை போகும்? மலையாள சினிமாவில் பெண்களின் நிலை பற்றி ஆராய 2017-இல் அமைந்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. அங்கே பெண்களுக்கு நன்கு பழக்கமான சொற்கள் என்று அது குறிப்பிட்டவை இரண்டு: 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்'. பாலியல் மிரட்டலை அதன் பெயரால் கேட்டால் குற்றம். அட்ஜஸ்ட்மென்ட் என்று கேட்டால் வெறும் 'ஒத்துழைப்பு'!

"அட்ஜஸ்ட் பண்ணாம இந்தக் கூட்டத்துல வாழ முடியுமா?" என்பார்கள். நியாயம்தான். ரயிலில் நகர்ந்து இடம் விடுவது பெருந்தன்மை. ஆனால் பெருந்தன்மை, இருப்பவர் தானாகத் தருவது. கேட்பவர் உரிமையாகப் பறிப்பது அல்ல.

குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் 2005-இல் வந்தாச்சு. அடிபட்டு வரும் மகளிடம் இன்னும் இந்த வார்த்தையைச் சொல்கிற வீடுகள் இருக்கின்றனவே!

அடுத்த முறை யாராவது 'அட்ஜஸ்ட்' என்றால் மூணே கேள்வி கேளுங்கள். யார்? எவ்வளவு? எதுவரைக்கும்? மூணுக்கும் பதில் இல்லை என்றால் அது அட்ஜஸ்ட் இல்லை மக்களே, அநியாயம்.