இடர்க்காலமும் மடிக்கணினியும்

நம் முன்னோர் ஏடும் எழுத்தாணியும் கொண்டு பயின்றனர். நம் தந்தையர் சிலேட்டும் பலப்பமும், பின்னர் மைக்கூடும் பேனாவும் கொண்டு பயின்றனர். இற்றைநாள் மாணவர்க்கு அவ்விடத்தில் நிற்பது மடிக்கணினியே. கட்டுரை எழுதவும், அட்டவணை வகுக்கவும், உத்தியோகத்திற்கு விண்ணப்பம் அனுப்பவும் அஃதின்றி ஆவதில்லை. ஆதலின் அஃது ஆடம்பரமா அவசியமா என்னும் பழைய வழக்கை ஈண்டு மீண்டும் எடுக்க நாம் விரும்பவில்லை. இல்லம் நோயாலோ வெள்ளத்தாலோ கலங்கியிருக்கும்போது அக்கருவியை எவ்வாறு தெரிந்து வாங்குவது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். விளம்பரங்கள் இதனைக் கூறா. பட்டறிந்தவராதலின் நாம் கூறத் துணிந்தோம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிற் பெய்த பெருமழையை நம் வாசகர் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. மலையடிவாரத்து அணைகளும் திறக்கப்படவே, தாமிரபரணி கரைகடந்து சந்திப்பு, சிந்துபூந்துறை, வண்ணாரப்பேட்டை முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. 1992ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தைக் கண்டிருந்த முதியோரும் திகைத்து நின்றனர்.

நமது இல்லமும் ஆற்றுக்கு அணித்தாயதே. நீர் முழங்காலளவு ஏறியபோது, முதியவராகிய தந்தையாரை மாடிக்குக் கொண்டு செல்வதொன்றே நமது கவலையாயிருந்தது. அரிசியும் துணியும் நூல்களும் நனைந்தன. மேசையின் கீழ்த்தட்டிற் கிடந்த மகனுடைய மடிக்கணினியும் சேற்றில் மூழ்கிற்று. அதனை அப்போது ஒருவரும் நினைக்கவில்லை. நீர் வடிந்த மறுநாள், சேறு படிந்த படியில் தந்தையார் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை ஒரு புறம். கட்டிலருகே இரவுக் காவல் ஒரு புறம். வீட்டில் சேறு வாரும் வேலை மற்றொரு புறம். இவற்றினிடையே, இறுதியாண்டு மாணவனாகிய மகன் தன் ஆய்வறிக்கையை ஒப்படைக்க ஆறு வாரமே எஞ்சியிருந்தது.

அவ்வேளையில் நாம் செய்த பிழைகளை மறையாது கூறுவோம். சேற்றைத் துடைத்து இரண்டு நாள் வெயிலில் வைத்த பழைய கணினிக்கு, உலர்ந்துவிட்டதென்றெண்ணி மின்சாரம் கொடுத்தோம். அது முதற்பிழை. உள்ளே ஈரம் எஞ்சியிருந்தமையால், ஒருகால் பிழைத்திருக்கக்கூடிய கருவியும் அக்கணமே மாண்டது. இரண்டாம் பிழை அதனினும் பெரிது. ஒரு மாலை மருத்துவமனையினின்று நேரே கடைக்குச் சென்று, கண்ணிற்பட்டவற்றுள் விலையுயர்ந்த ஒன்றைச் சுட்டிக் காட்டினோம். “தவணையில் தரலாம், ஐயா, வட்டியில்லை” என்றார் விற்பனையாளர். கையொப்பமிடப் பேனாவும் எடுத்துவிட்டோம். உடன் வந்த மகனே நம் கையைப் பற்றி, “தாத்தா வீட்டுக்கு வரட்டும், அப்பா, அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்” என்று தடுத்தான்.

மறுநாள் இச்செய்தி தந்தையாரின் செவிக்கு எட்டியது. அவர் படுத்தவாறே பேரனை அழைத்து, “அதை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய், ஐயா?” என்று வினவினார். நாற்பது பக்கம் எழுத வேண்டும், சில அட்டவணைகள் போட வேண்டும் என்றான் அவன். “ஒரு மூட்டை நெல்லை ஏற்ற லாரி எதற்கு?” என்று கூறிக் கிழவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவ்வினாவை அந்நாள் வரை நாம் ஒருவரும் வினவவில்லையே என்று நாணினோம். பின்னர் ஆறியிருந்து எண்ணியபோது காரணம் விளங்கிற்று. தந்தையாரின் வலியை நம்மாற் குறைக்க இயலவில்லை. வீட்டுச் சுவரின் ஈரத்தை உலர்த்த இயலவில்லை. ஏதேனும் ஒன்றையாவது முடித்துவிட்டோம் என்று நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறுதலைக் கடையில் வாங்கச் சென்றோம்; அது கடையில் விற்கும் பண்டமாயில்லை. ‘ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு’ என்பர். துயரில் இருப்பவன் கையில் அளவுகோல் இராது என்பதை அன்று கண்டோம்.

இது நிற்க. இடர்க்காலத்திற் கணினி வாங்க நேர்வோர் கருதத்தக்கன சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, இன்றே வாங்க வேண்டுமா என்று கேட்க. வேண்டுவது கணினியின் பயன். அப்பயனைச் சில வாரம் இரவலாகவும் பெறலாம். நனைந்த கருவிக்கு மின்சாரம் கொடாது பழுதுபார்ப்பவரிடம் சேர்த்தால், அதிலுள்ள சேமிப்பு வட்டையேனும் பல சமயம் மீட்டுவிடலாம். நம் மகனுடைய குறிப்புகள் அவ்வாறே மீண்டன.

இரண்டாவது, செய்யவேண்டிய வேலையை ஒரு தாளில் எழுதுக. எழுத்தும் அட்டவணையும் இணைய வகுப்புமே வேலையாயின், எட்டு ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகமும் உடைய எளிய கருவி போதும். பழைய சுழல்வட்டு உள்ள கணினிக்கும் எஸ்.எஸ்.டி. மாற்றினால் அது புதுவேகம் பெறுதல் கண்கூடு. பொறியியல் வரைபடமும் திரைப்படத் தொகுப்பும் பயில்வோர்க்கே அதனின் மிக்க ஆற்றல் வேண்டும்.

மூன்றாவது, பழைய கருவி வாங்குவோர் அதன் பிராயத்தை விசாரிக்க. விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்ட பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11ஓ, பொதுவாக 2017ஆம் ஆண்டுக்கு முற்பட்ட செயலிகளை ஏற்பதில்லை. எனினும் அத்தகைய கணினி குப்பைக்கே உரியதென்று எண்ணற்க. லினக்ஸ் இட்டு, விலையின்றிக் கிடைக்கும் லிபர்ஆபீஸ் கொண்டு தமிழிலும் ஆங்கிலத்திலும் தடையின்றி எழுதலாம்.

நான்காவது, தவணைத் தாளை முற்றும் படித்தன்றிக் கையொப்பமிடற்க. வட்டியில்லையென்ற தவணையிலும் நடைமுறைக் கட்டணம் ஒன்று சேர்வதுண்டு. ரொக்கம் கொடுப்பவர்க்குரிய தள்ளுபடி தவணைக்காரர்க்குக் கிடையாமற் போவதுமுண்டு. மருந்துக்கு எத்துணை செல்லும் என்று தெரியாத திங்களில் மாதாமாதம் கட்டவேண்டிய கடனொன்றை ஏற்பது, கரைபுரளும் ஆற்றிற் பாரத்தோடு இறங்குவதனை ஒக்கும்.

மலிவான கருவி விரைவிற் பயனற்றுப்போம், ஆகவே ஒரே முறையில் உயர்ந்ததை வாங்குதலே சிக்கனம் என்பாருமுளர். அமைதியான காலத்தில் அவ்வுரை பொருந்தலாம், நாமும் மறுக்கவில்லை. ஆனால் கையிலுள்ள பணம் மருத்துவமனைக்கும் வீட்டுச் செப்பனுக்கும் பங்கிட வேண்டியதாயிருக்கையில், நான்கு ஆண்டுக்குப் பிந்திய நன்மையை எண்ணி இந்தத் திங்களின் மருந்தைக் குறைப்பது சிக்கனமாகாது.

இனி, இச்சுமையை மாணவனும் அவன் குடும்பமும் மட்டுமே தாங்க வேண்டுமோ என்னும் வினாவுக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதனால் முதன்முதல் கணினி கண்ட இல்லங்கள் நம் பொருநைக் கரையூர்களிற் பல. இடையில் நின்ற அவ்வுதவி, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டில் வழங்கப்படுமென 2025 மார்ச்சு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பெற்று, 2026 சனவரியில் மீண்டும் தொடங்கிற்று. இது போற்றத்தக்கதே. ஆயினும் வெள்ளமும் நோயும் அரசாங்க அட்டவணை பார்த்து வருவனவல்ல.

பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகக் கூறுகிறோம். இங்குள்ள கல்லூரிகள் ஏழை மாணவனுக்கு நூல் நிலையத்தினின்று நூல் தந்து அவனை ஆளாக்கின. நூல் இரவல் தரும் அதே மேசையில் மடிக்கணினியும் இரவல் தந்தாலென்ன? நம் பழைய மாணவர் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் கடல்கடந்த நாடுகளிலும் நல்ல உத்தியோகத்தில் இருக்கின்றனர். புதிய கருவி வாங்கியபின் அவர்கள் அலமாரியில் உறங்கும் பழைய கருவிகளுள் ஒன்றை, தம் சொந்தச் செய்திகளை அழித்துவிட்டு, கல்லூரிக்கு அனுப்புவாராயின், இருபது முப்பது கருவிகள் சேர்தல் அரிதன்று. கணினித்துறை மாணவர் அவற்றைச் செப்பஞ்செய்யலாம். அதுவும் அவர்க்கொரு பயிற்சியாகும். ஒரு பருவத்திற்கு ஒருவர் என்று கையேட்டிற் பதிந்து வழங்கலாம். இதில் ஒன்று மட்டும் வற்புறுத்துவோம். பெறுகிற மாணவன் தன் வீட்டுத் துன்பத்தைப் பலரறிய விளம்பும்படி நேரலாகாது. நூலைக் கேட்பதுபோல் நாணாது கேட்டுப் பெறுதல் வேண்டும்.

நம் மகனுக்கு அவ்வுதவியைச் செய்தவர் நம் நண்பர் ஒருவர். தம்மிடமிருந்த பழைய கணினியை ஒரு துணிப்பையில் இட்டுக் கொணர்ந்து மருத்துவமனையிலேயே கொடுத்துச் சென்றார். அறிக்கையின் பெரும்பகுதி பாட்டனார் கட்டிலருகே இரவுக் காவலிருந்த வேளையில் எழுதப்பெற்றது. குறித்த நாளில் ஒப்படைக்கவும் பெற்றது. தந்தையார் கைத்தடியூன்றி முற்றம் வரை நடக்கத் தொடங்கிய பின்னரே, ஏப்ரல் திங்களில், மகன் தானே ஆராய்ந்து நடுத்தர விலையில் ஒன்றை ரொக்கம் கொடுத்து வாங்கினான். அதனைத் தந்தையார் கையிற் கொடுத்தபோது அவர் எடை பார்ப்பவர்போல் ஏந்திப் பார்த்து, “இது போதும், ஐயா” என்றார்.

நமக்கு வாய்த்த நண்பர் எல்லா மாணவர்க்கும் வாய்ப்பாரென்பது உறுதியில்லை. அந்நண்பரின் இடத்தில் நம் கல்லூரி நிற்றல் வேண்டும். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னரே அவ்வலமாரி நம் நூல் நிலையத்தில் அமையுமாறு பழைய மாணவரும் ஆசிரியரும் முயல்வாராக.