ஆங்கிலர்க்கும் அயலான சொற்கள்

பொருள் விளங்காத ஆங்கில அருஞ்சொற்களை நாளொன்றுக்கு ஐம்பதாக நெட்டுருச் செய்வதையே அறிவுப்பேறாகக் கருதுகின்றனர் தமிழிளைஞர் பலர். அச்சொற்களின் பிறப்பை அவர்கட்கு எடுத்துரைப்பார் இலர்.

1604ஆம் ஆண்டில் இராபர்ட்டு காட்ரே என்பார் ஓர் அகரமுதலி வெளியிட்டார். (அவரும் பள்ளியாசிரியராய் இருந்தவரே.) ஆங்கிலச் சொற்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகரமுதலி அது, ஏறத்தாழ 2,500 சொற்கள். வீடு, மழை, அப்பம் போன்ற நாட்டுச் சொற்களா அவை? அல்ல. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு ஆகியவற்றினின்று கடன்கொண்ட கடுஞ்சொற்கள் என்று அதன் முகப்புத்தாளே கூறுகின்றது. யார்க்காக? ஆங்கில மகளிர்க்கும் கல்லாதார்க்கும்! தம் தாய்மொழி தமக்கே விளங்காமற் போனதால் அவர்கட்கு அகரமுதலி வேண்டியதாயிற்று.

அந்நிலை இன்றும் மாறிற்றில்லை. ஆங்கிலக் குழந்தைக்குப் பல் 'டூத்'. பல்லைச் சார்ந்ததோ 'டென்டல்'. நிலவு 'மூன்', நிலவைச் சார்ந்ததோ 'லூனார்'. வேர் ஓரிடம், கிளை வேறிடம்! தமிழ்க் குழந்தைக்குக் கண் தெரிந்தால் போதும். கண்மருத்துவமும் கண்காணிப்பும் கண்ணோட்டமும் தாமே வந்து நிற்கும். இக்குறை கண்டு வில்லியம் பார்ன்சு 1878இல் தனியாங்கிலச் சொற்களாலேயே ஓர் இலக்கணம் யாத்தார். செவிசாய்த்தோர் சிலரே.

அமெரிக்கப் பட்டமேற்படிப்புக்கான 'ஜி.ஆர்.இ.' தேர்வில் தனிச்சொல்லை நிறுத்தி எதிர்ச்சொல் கேட்கும் வினாக்கள் 2011ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டன. ஈண்டோ பட்டியல் ஓதுதல் நின்றபாடில்லை.

அப்பட்டியல்களில் 'பரையா' என்றொரு சொல் வரும். 'ஒதுக்கப்பட்டவன்; சேர்க்கத் தகாதவன்' என்று பொருள் எழுதிக்கொள்கிறான் மாணவன். அது தமிழ்ச்சொல்! பறை என்னும் இசைக்கருவியின் பெயரடியாகப் பிறந்த மக்கட்பெயர். மேலோர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார் இம்மண்ணில் இழைத்த கொடுமையைக் கண்ட ஐரோப்பியர், கொடுமை செய்தாரை விட்டுவிட்டு, அதற்கு ஆளானாரின் பெயரையே இழிசொல்லாக்கித் தம் மொழியிற் பதிந்துகொண்டனர். பிற நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டை ஆங்கிலச் செய்தித்தாள்கள் இன்றும் அப்பெயராலேயே சுட்டுகின்றன. தன் உடன்பிறந்தாரின் பெயரை வசையென்று அறியாமலே மதிப்பெண்ணுக்காக நூறுமுறை ஓதுகின்றான் தமிழ் மாணவன். எடுத்துச்சொல்ல வேண்டிய ஆசிரியரோ, எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்கின்றார்.