ஒட்டி எழுத வேண்டியதை வெட்டிக் காட்டும் வார்ப்புருக்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசாருக்குச் செல்லும் கொமுட்டர் ரயில் புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டித் தாசேக் கெலுகோரில் நிற்கிறது. அடுத்துச் சுங்கை பட்டாணிக்குப் போகிறது. தமிழ் படித்த எவரும் இந்தச் செய்தியை இப்படித்தான் எழுதுவார். ஆனால் ஊர்ப் பெயரை எங்கிருந்தோ எடுத்து, முன்பே எழுதி வைத்த வாக்கியத்தில் செருகும் கணினி, 'தாசேக் கெலுகோர் இல்', 'சுங்கை பட்டாணி க்கு', 'பட்டர்வொர்த் இலிருந்து' என்று உருபைத் தனியே வெட்டி எழுதிவிடும். கைப்பேசிச் செயலிகளிலும் இணையப் பக்கங்களிலும் தானாக உருவாகும் தமிழில் இத்தகைய வெட்டுகள் மலிந்து கிடக்கின்றன. இவற்றைச் சின்ன அழகுக்குறை என்று ஒதுக்கிவிட முடியாது. வேறொரு மொழிக்கென வெட்டிய சட்டையைத் தமிழுக்கு மாட்டிவிடுவதால் வரும் எழுத்துப்பிழை இது. திருத்தும் வழிகள் எளியவை. தமிழில் சேவை தருவோர் திருத்தியே ஆக வேண்டும்.

பிழை எப்படி நேர்கிறது என்று பார்ப்போம். இணையப் பக்கங்கள் பெரும்பாலும் வார்ப்புருவிலிருந்து பிறக்கின்றன. வாக்கியத்தின் நிலையான பகுதியை ஒருமுறை எழுதிவிட்டு, பெயர், ஊர், நேரம் ஆகியவற்றுக்கு இடம் விட்டுவைப்பார்கள். மலாயில் 'டி தாசேக் கெலுகோர்', 'கெ பட்டர்வொர்த்' என்று இடத்தைச் சுட்டும் சொல் பெயருக்கு முன்னால் தனித்து நிற்கும். ஆங்கிலத்திலும் அப்படியே. ஆகவே அந்த மொழிகளில் ஊர்ப் பெயரைச் செருகும் இடத்தைச் சுற்றி ஓர் இடைவெளி இருப்பதுதான் முறை. தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வந்து அதனோடு ஒட்டிக்கொள்கிறது. மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கப்படும் சட்டகத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இருப்பதில்லை. நிரலர் படிக்க வசதியாகப் பெயரை ஒரு வரியிலும் உருபை அடுத்த வரியிலும் எழுதினாலும் இதே கதைதான். உலாவி பத்து இடைவெளிகளையும் வரி முறிவையும் சேர்த்து ஒரே இடைவெளியாக மடித்துவிடும்; அந்த ஒன்றை மட்டும் விட்டுவைக்கும். ஆங்கிலத்துக்குத் தேவையான அந்தக் கடைசி இடைவெளிதான் தமிழில் பிழையாகிறது.

வார்ப்புருவில் மிகையான இடைவெளி பற்றி நிரலர்கள் பேசாமல் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் பக்கத்தின் எடையைப் பற்றியது. அனுப்பும்போதே கோப்பைச் சுருக்கும் முறை பரவிவிட்ட இன்று, திரும்பத் திரும்ப வரும் இடைவெளிகளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சொல்லின் நடுவே விழும் இடைவெளியே உண்மையான கவலை. அதை நீக்கக் கருவிகள் உண்டு. ஜின்ஜா போன்ற வார்ப்புரு மொழிகளில் ஒரு கழித்தல் குறி சேர்த்தால் அருகிலுள்ள வெற்றிடம் மறைந்துவிடும். ஜாங்கோ என்ற இணைய நிரல் சட்டகத்தில் உள்ள 'ஸ்பேஸ்லெஸ்' கட்டளை எச்.டி.எம்.எல். குறிச்சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை மட்டுமே நீக்கும். எழுத்துகளுக்கு அருகில் உள்ளதைத் தொடாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடைவெளியையும் அகற்றினாலோ 'தாசேக் கெலுகோர்' என்ற பெயரே ஒட்டிப்போய்விடும். எந்த இடைவெளி வேண்டும், எது வேண்டாம் என்பதை மொழி அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

இடைவெளியை நீக்குவதோடும் வேலை முடிவதில்லை. கெலுகோரையும் 'இல்' உருபையும் அப்படியே சேர்த்தால் 'கெலுகோர்இல்' என்று புள்ளிக்கு அடுத்து உயிரெழுத்து நிற்கும். மெய்யும் உயிரும் கூடிக் 'கெலுகோரில்' ஆக வேண்டும். பினாங்கு பினாங்கில் ஆகிறது. கெடா கெடாவில் ஆகிறது. சுங்கை பட்டாணி யகரம் பெற்றுப் பட்டாணியில் ஆகிறது. பட்டர்வொர்த் ஒற்று இரட்டித்துப் பட்டர்வொர்த்தில் ஆகிறது. ஒரு மாநிலத்தையும் அண்டை மாநிலத்தையும் சுற்றி வருவதற்குள் ஐந்து வகைப் புணர்ச்சி. இவை எல்லாமே பெயரின் ஈற்றைப் பார்த்து முடிவு செய்யக்கூடிய விதிகள். கணினிக்கு விதி புதிதல்ல. விதியை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பிற மொழியினர் இதை எப்படிக் கையாள்கிறார்கள்? மலாயில் இடத்தைக் குறிக்கும் 'டி' பிரித்தும், வினையோடு வரும் 'டி' சேர்த்தும் எழுதப்பட வேண்டும்; 'டி ரூமா' இரண்டு சொல், 'டிபாச்சா' ஒரே சொல். மலேசியப் பள்ளிகளில் படித்த எல்லோருக்கும் இந்த விதி தெரியும், இடம் மாறினால் பிழை என்பதும் தெரியும். சீனத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடுவதில்லை. மூலக் கோப்பின் வரி முறிவு திரையில் வெற்றிடமாகத் தெரியாமலிருக்க இணையத்தின் எழுத்தமைப்புத் தரத்திலேயே கிழக்காசிய எழுத்துகளுக்கெனத் தனி விதி எழுதப்பட்டிருக்கிறது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில், ஃபின்னிய மொழியின் வேற்றுமை வடிவங்களை வார்ப்புருவுக்குள்ளேயே உருவாக்கும் இலக்கணச் செயற்பாடு உண்டு. கொரிய மென்பொருள்கள், பெயர் எந்த ஒலியில் முடியும் என்று தெரியாத இடத்தில், இரண்டு உருபுகளையும் அடைப்புக்குறியோடு சேர்த்தாவது அச்சிடுகின்றன. தங்கள் மொழிக்கு இது வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். நாமும் கேட்க வேண்டும்.

படிப்பவருக்குப் பொருள் புரிகிறதே, போதாதா என்பது முதல் மறுப்பு. புரிகிறது என்பது உண்மை. ஆனால் திரையில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே வரி முறியலாம். குறுகிய கைப்பேசித் திரையில் ஊர்ப் பெயர் ஒரு வரியின் கடைசியிலும், 'இல்' அடுத்த வரியின் தொடக்கத்திலும் வந்து விழுகின்றன. பார்வையற்றோருக்காக உரையை ஒலியாக்கும் மென்பொருளுக்கு உருபு ஒரு தனிச்சொல்லாகவே தெரிகிறது. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஆரம்பப் பள்ளியிலேயே வேற்றுமை உருபுகளையும் வலிமிகும் இடங்களையும் படிக்கிறார்கள். வகுப்பில் பிழை என்று திருத்தப்படுவதைத் திரை நாள்தோறும் சரி என்று காட்டினால், ஆசிரியரின் உழைப்பு வீணாகிறது. இணையத்தில் இருக்கும் தமிழைப் படித்தே செயற்கை நுண்ணறிவும் தமிழ் கற்கிறது என்பதால், இன்றைய வார்ப்புருப் பிழை நாளைய இயந்திரத் தமிழாகத் திரும்பி வரும்.

ஓலைச்சுவடிகளில் இடைவெளியே இல்லை. இடைவெளி அச்சோடு வந்த வழக்கம். அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் ஏன் என்பது இரண்டாவது மறுப்பு. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி இன்றுவரை, அச்சுத் தமிழ் படிப்பவரின் வசதிக்காக மெல்ல மெல்லச் சொற்களைப் பிரித்துக்கொண்டே வந்திருக்கிறது. 1950-களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். அப்படிப் பிரித்ததும் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையேதான். பெயரையும் உருபையும் வெட்டுவது அதன் நோக்கமல்ல. இடைவெளி பிற்காலத்தது என்பதால் அதற்கு ஒழுங்கில்லை என்றாகிவிடாது.

சிறிய வாசகர் கூட்டத்துக்காக யார் செலவு செய்வார் என்பது மூன்றாவது மறுப்பு. பாதிப் பிழையைத் திருத்தக் காசே தேவையில்லை. 'நிலையம்: தாசேக் கெலுகோர்', 'புறப்பாடு: பட்டர்வொர்த்' என்று வாக்கியத்தை மாற்றி அமைத்தால் உருபுக்கே வேலையில்லை. 'நிலையத்தில்', 'நகருக்கு' என்று பொதுச்சொல்லின் மேல் உருபை ஏற்றினால் மாறும் பெயர் மாறாமலே நிற்கும். எஞ்சியவற்றுக்கு விதிகளை எழுத வேண்டும். அதுவும் முடியாத காரியமல்ல. நீச்சல்காரன் உருவாக்கிய 'நாவி' சந்திப்பிழை திருத்தி தமிழ்ப் புணர்ச்சியை நிரலில் அடக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. 'முரசு அஞ்சல்' தமிழ் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறனின் நாடு மலேசியா. தமிழ்க் கணிமைக்கு இந்த மண்ணில் ஆளில்லை என்று சொல்ல முடியாது.

ஆகவே தமிழில் பக்கமோ செயலியோ வெளியிடும் அரசுத் துறைகள், வங்கிகள், நிறுவனங்கள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குத் தனித்தனிச் சொல்லாக அனுப்பாமல் முழு வாக்கியத்தையும், செருகப்படும் பெயர்களின் பட்டியலையும் கொடுக்க வேண்டும். வெளியிடும் முன், உண்மையான ஊர்ப் பெயர்களை இட்டு நிரப்பிய திரையைத் தமிழ் தெரிந்த ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். பிழையைச் சுட்டும் வாசகருக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். நாமும் பிழையைக் கண்டால் படம் பிடித்து, சரியான வடிவத்தையும் எழுதி, உரியவருக்கு அனுப்புவோம். 1816-இலேயே தமிழ் வகுப்பு தொடங்கிய பினாங்கில், தமிழைப் பிழையின்றிக் காட்டு என்று கேட்பது மிகையான கோரிக்கை அல்ல.