கடைவாசலில் ஒரு ஹிமா



பெருநகரங்களின் வணிக வளாகங்களில் சில ஆண்டுகளாகக் காணப்படும் ஒரு வழக்கம் நம் கடற்கரை ஊர்களை நோக்கியும் வந்துகொண்டிருக்கிறது. கடைவாசலுக்கு மிக அருகில், நல்ல நிழலுள்ள இடத்தில், தரையில் பச்சை வண்ணம் பூசி, மின்சார வாகனங்களுக்கு மட்டும் என்று எழுதி வைப்பதே அது. 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தன் மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் செய்யும் திறன் கொண்டது. நம் மாவட்டத்தில் உருவாகும் கார்கள் நம் மாவட்டத்துக் கடைவாசல்களிலும் நிற்கத்தான் போகின்றன. அந்தப் பச்சைக் கட்டத்தில் நிற்கும் உரிமை யாருக்கு, எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு நேரத்துக்கு என்பதை இப்போதே பேசிவிடுவது நல்லது. பலகை நட்ட பின்னர் பேசினால் அது வழக்காகிவிடும்.

இதில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. பலர் வந்து தங்கும் இடத்தில் ஒரு பகுதியைச் சிலருக்கென ஒதுக்குவது பற்றி ஹதீஸ் நூல்களும் ஃபிக்ஹு நூல்களும் பேசிய அளவுக்கு வேறு எந்தச் சமூகத்தின் பழைய நூல்களாவது பேசியிருக்குமா என்பது ஐயமே.

முதலில் இந்த வழக்கம் வந்த வழியைப் பார்ப்போம். அமெரிக்காவில் கட்டடங்களுக்குப் பசுமைச் சான்று வழங்கும் 'லீட்' என்ற தரமுறை ஒன்று உண்டு. அதன் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு, வாகன நிறுத்துமிடத்தில் 5 விழுக்காட்டைக் குறைந்த புகை வெளியிடும் வாகனங்களுக்கென, வாசலுக்கு அருகில் ஒதுக்கும் கட்டடங்களுக்கு மதிப்பெண் தந்தது. மாற்றுத்திறனாளிகளுக்குரிய இடங்கள் மட்டும் அதனினும் அருகில் இருக்கலாம். கட்டட உரிமையாளருக்கு இதைவிட மலிவாகக் கிடைக்கும் மதிப்பெண் அரிது. ஒரு பலகையும் ஒரு வாளி வண்ணமும் போதுமே! நம் நாட்டில் இது வேறு வடிவம் எடுத்தது. 2019 பிப்ரவரியில் மத்திய அரசு தன் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, வாகன நிறுத்துமிடத்தின் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு மின்னேற்ற வசதி அமைய வேண்டும் என்று வகுத்தது. 2021 மார்ச்சில் டெல்லி அரசு, 100க்கு மேற்பட்ட வாகனங்கள் நிற்கும் வணிக வளாகங்கள், மருத்துவமனைகள், விடுதிகள் முதலியவை 5 விழுக்காட்டு இடத்தை மின்னேற்றிகளுடன் மின்சார வாகனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

அமெரிக்கப் பலகை, இன்ன வண்டி வைத்திருப்பவருக்கு அருகில் இடம் என்றது. டெல்லி ஆணை, மின்னேற்றி இருக்கும் இடம் மின்னேற்ற வேண்டிய வண்டிக்கு என்றது. முன்னது உரிமையாளருக்குத் தரும் மரியாதை. பின்னது ஒரு தேவைக்குச் செய்யும் ஏற்பாடு. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த வேறுபாட்டைப் பற்றியதே.

மினாவில் தங்களுக்கு நிழல் தரும் ஒரு கட்டடம் எழுப்பலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. வேண்டாம் என்று மறுத்த அவர்கள், மினா முந்தி வருவோரின் ஒட்டகங்கள் மண்டியிடும் இடம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வரும் இச்செய்தி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. அதிலுள்ள 'முனாக்' என்ற அரபுச் சொல்லைக் கவனியுங்கள். ஒட்டகத்தை மண்டியிடச் செய்து நிறுத்தும் இடம் என்பது அதன் பொருள். இன்றைய மொழியில் சொன்னால் அது பார்க்கிங்தான். அல்லாஹ்வின் தூதருக்கே தனி இடம் ஒதுக்கப்படாத ஒரு வாகன நிறுத்துமிடத்தை நாம் அறிந்திருக்கிறோம்.

அப்படியானால் ஒதுக்கீடே கூடாதா? கூடும். அதற்குப் பெயர் ஹிமா. அறியாமைக் காலத்தில் அரபுத் தலைவன் ஒருவன் மேட்டில் ஏறித் தன் நாயைக் குரைக்க வைப்பானாம். குரைப்பொலி கேட்கும் தொலைவு வரை உள்ள மேய்ச்சல் நிலம் அவனுடைய கால்நடைகளுக்கு மட்டும் உரியது. நபி (ஸல்) அவர்கள் இந்தத் தனியுரிமையை ஒழித்து, ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் உரியது என்று அறிவித்தார்கள். அதாவது பொதுநலனுக்கன்றி வேறெதற்கும் அது கூடாது என்பது அறிஞர்களின் விளக்கம். பின்னர் உமர் (ரலி) அவர்கள் ஷரஃப், ரபதா ஆகிய இடங்களை ஹிமாவாக்கினார்கள். அதன் பொறுப்பை ஹுனைய் என்ற தம் பணியாளரிடம் ஒப்படைத்தபோது அவர்கள் கூறிய அறிவுரை புகாரீயில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருப்பவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃபின் கால்நடைகளையும் இப்னு அஃப்ஃபானின் கால்நடைகளையும் விடாதே என்றார்கள். அவ்விருவரின் மந்தை அழிந்தாலும் பேரீச்சந் தோட்டமும் விளைநிலமும் அவர்களுக்கு உண்டு. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கலீஃபாவின் வாசலுக்கு வந்து நிற்பான்.

பெயர் குறிக்கப்பட்ட இருவரும் சுவர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட ஸஹாபிகள். வாரி வழங்கிய செல்வர்கள். அவர்கள்மீது உமர் (ரலி) அவர்களுக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. நல்லவராக இருப்பதே ஒதுக்கிய இடத்தில் முன்னுரிமை பெறப் போதுமான காரணமாகாது என்பதுதான் அந்தக் கட்டளையின் சாரம். அறப்போருக்குரிய வாகனப் பிராணிகள் மட்டும் இல்லாதிருந்தால், மக்களுடைய நிலத்தில் ஒரு சாண் அளவைக்கூட ஹிமாவாக்கியிருக்க மாட்டேன் என்ற கருத்தையும் அவர்கள் அங்கே ஆணையிட்டுக் கூறினார்கள். ஒதுக்குபவரின் உள்ளத்தில் அப்படியொரு அச்சம் இருக்க வேண்டும்.

நம் கடற்கரைக்கும் ஒதுக்கீட்டின் இருவகையும் தெரியும். முத்துச் சலாபம் நடந்த காலத்தில் மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் வரியின்றிக் குளிக்கும் 'கற்கள்' ஒதுக்கப்பட்டிருந்தன. அது அதிகாரத்துக்குக் கிடைத்த பங்கு. மறுபுறம், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், கரையிலிருந்து 3 கடல்மைல் வரையுள்ள நீர் விசைப்படகுகளுக்கு விலக்கப்பட்டு நாட்டுப்படகினருக்கு விடப்பட்டது. தொலைவுக்குச் செல்ல இயலாதவனுக்கு அருகிலுள்ள கடல்! உமர் (ரலி) அவர்களின் கட்டளையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே பெண்கள் நடந்து செல்வதற்கென்று விடப்பட்ட முடுக்குகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. காலால் நடப்பவருக்கு நம் முன்னோர் தந்த ஒதுக்கீடு அது. இன்று அந்த முடுக்குகளில் மோட்டார் சைக்கிள்கள் நுழைவதை யார் தடுக்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்குரியது.

இனிக் கடைவாசலுக்கு வருவோம். வின்ஃபாஸ்டின் சிறிய காரே 2025இல் 16 லட்ச ரூபாய்க்கு மேல் விற்றது. தமிழக அரசு மின்சார வாகனங்களுக்குச் சாலை வரியிலிருந்து முழு விலக்கு அளித்து வந்துள்ளது. அந்தச் சலுகையைப் பெற்ற ஒருவருக்கு நிழலும் வாசலருகும் கூடுதலாகத் தருகிறோம். அதே கடைக்குப் பேருந்தில் இறங்கி வெயிலில் நடந்து வரும் தாய்க்கும், சைக்கிளில் வரும் மாணவனுக்கும் பலகையில் எந்த இடமும் இல்லை. புகை வெளியிடாமைதான் அளவுகோல் என்றால் அவர்களுடைய கணக்கு எவருடையதைவிடவும் தூய்மையானது அல்லவா? மத்ரஸாவில் ஹிமா பற்றிய ஹதீஸை நடத்தியபோது பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன், "அப்படீன்னா சைக்கிளுக்குத்தானே ஹஜ்ரத் முதல் இடம்?" என்று கேட்டான். ஃபிக்ஹுப் பாடத்தில் அவன் இதுவரை கேட்ட கேள்விகளில் இதுவே சிறந்தது.

பலகையில் எழுதும் சொல்லிலும் நேர்மை வேண்டும். புகையற்ற வாகனம் என்று எழுதுகிறார்கள். கார் நிற்கும் இடத்தில் புகை இல்லை என்பது உண்மை. ஆனால் தூத்துக்குடி அனல்மின் நிலையம் 210 மெகாவாட் வீதம் 5 அலகுகளாக அமைக்கப்பட்டது. முதல் அலகு 1979இல் இயங்கத் தொடங்கியது. 500 மெகாவாட் வீதம் 2 அலகுகள் கொண்ட என்டிபிஎல் நிலையமும் அதே கடற்கரையில் இருக்கிறது. வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி அங்கே எரிகிறது. ஜவுளிக்கடை வாசலில் இல்லாத புகையில் ஒரு பங்கு துறைமுகக் கரையில், ஏழைக் குடியிருப்புகளுக்கு மேலே எழுகிறது.

இதைக் காட்டி மின்சார வாகனமே ஏமாற்று என்று பேசுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. பெட்ரோல் இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. காற்றாலையும் சூரிய ஒளியும் மின்கட்டமைப்பில் பெருகப் பெருக, அதே வண்டி மேலும் தூய்மையாகும். வீதியில் விளையாடும் குழந்தையின் மூச்சுக்கு அருகிலிருந்து புகை அகல்வதும் சிறிய நன்மையன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைப் பார்த்தவர்கள் நாம். கடல் சூடாகச் சூடாகக் கனமழை வலுக்கும் என்று வானிலை அறிஞர்கள் கூறுகையில் அதை அலட்சியம் செய்ய நமக்கு இயலாது. காற்றின் தூய்மைக்காக எழுந்த போராட்டத்தில், 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களை இழந்த மாவட்டம் இது. ஆகவே மாற்றம் வரட்டும். மாற்றத்தின் முதல் சலுகை எவர் கையில் போய்ச் சேர்கிறது என்பதே என் கவலை.

சலுகை கொடுத்தால்தானே மக்கள் வாங்குவார்கள் என்பது நியாயமான வாதம். நன்மையில் ஆர்வமூட்டுவது மார்க்கத்துக்கு அந்நியமன்று. ஆனால் வாசலருகே நான்கு மீட்டர் நடை மிச்சமாகிறது என்பதற்காக ஒருவர் 16 லட்சம் கொடுத்துக் கார் வாங்குவாரா? மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தயங்கும் கடைச் சிப்பந்தியின் நிலை வேறு. வாடகை வீட்டின் மாடியில் குடியிருப்பவருக்கு மின்னேற்ற வழியில்லை. வேலை செய்யும் கடையின் பின்புறத்தில் கூரையும், மின்கணக்கியோடு கூடிய சாதாரணப் பிளக்கும் இருந்தால் அவர் மறுமாதமே மாறிவிடுவார். சரக்கு ஏற்றும் மின்சார ஆட்டோ ஓட்டுநருக்கும் அப்படியே. நண்பகலில் ஒரு மணிநேரம் மின்னேற்றம் கிடைத்தால் அவருக்கு மாலையில் கூடுதலாக இரண்டு சவாரி. இவர்கள்தாம் சில ஆடுகளை வைத்திருப்பவர்கள். இடக்கணக்கும் இவர்கள் பக்கமே நிற்கிறது. இரண்டரை மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கார் கட்டத்தில், ஒரு மீட்டருக்கு 2 மீட்டர் வீதம் 5 இருசக்கர வாகனங்களை நிறுத்தலாம்.

எனவே வணிகச் சகோதரர்களிடம் நான் வேண்டுவது இதுதான். வாசலை ஒட்டிய இடம் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இருக்கட்டும். அதை அடுத்துச் சைக்கிளும் மின்சார இருசக்கர வாகனமும் மின்சார ஆட்டோவும் நிற்கட்டும். மின்சாரக் காருக்கு மின்னேற்றி உள்ள இடத்தில் மட்டும் ஒதுக்கீடு போதும். அது வாசலருகே இருக்கத் தேவையில்லை. மின்னேற்றும் நேரம் வரைக்கும் மட்டுமே செல்லட்டும். மின்னேற்றி இல்லாமல் வெறும் பச்சை வண்ணம் பூசுவது மேட்டில் நாயைக் குரைக்க வைத்த கதைதான்.

வாடிக்கையாளர்களாகிய நமக்கும் கடமை உண்டு. கடைக்காரர் தம் சொந்த இடத்தில் ஒரு நிபந்தனை விதித்துவிட்டால், நம் கருத்து எதுவானாலும் அதற்குக் கட்டுப்படுவது முஸ்லிமின் பண்பு. இரண்டு நிமிடம்தானே என்று பெட்ரோல் காரை மின்னேற்றியின் முன் நிறுத்துபவர், வழியில் பாதி மின்சாரத்தோடு வந்து காத்திருப்பவரின் ஹக்கைப் பறிக்கிறார். மின்னேற்றம் முடிந்த பின்னும் காரை அங்கேயே விட்டுவிட்டு மாடியில் சேலை பார்த்துக் கொண்டிருப்பவரும் அதையேதான் செய்கிறார். பச்சை எண் பலகை இருக்கிறது என்பது அவருக்கு வாதமாகாது. மின்சார வாகனத்தை அடையாளம் காட்டுவதே அப்பலகையின் வேலை.

இதைத் தொடங்கப் பெரிய வளாகம் ஏதும் வர வேண்டியதில்லை. ரமளானில் தராவீஹுக்குப் பின் கடைவீதிகளில் எவ்வளவு நெரிசல் என்பதை அனைவரும் அறிவோம். ஜுமுஆ நாளில் பள்ளிவாசல் முற்றத்தில் தாமதமாக வந்த கார்கள், நேரத்தோடு நடந்து வந்த முதியவர்கள் வெளியேறும் வழியை அடைத்து நிற்பதையும் வாரந்தோறும் காண்கிறோம். ஜமாஅத் நிர்வாகிகள் மனம் வைத்தால் அடுத்த ஜுமுஆவிலேயே முற்றத்தின் நிழலுள்ள ஒரு வரிசையைக் கயிறு கட்டிப் பிரித்து, சைக்கிள்களுக்கும் மாற்றுத்திறனாளிகளின் மூன்று சக்கர வண்டிகளுக்கும் விட்டுவிடலாம். திருமண மண்டபத்தில் இரண்டு பிளக்குகள் பொருத்த ஒரு மின்பணியாளருக்கு அரைநாள் வேலை. கயிற்றுக்கும் பிளக்குக்கும் ஆகும் செலவை ஏற்க முன்வருவோர் எந்த மஹல்லாவிலும் இருப்பார்கள். முதல் வாரத்தில் கயிற்றின் அருகே நின்று, கார்களை மரியாதையாக வெளிமைதானத்துக்கு அனுப்பி வைக்க ஓர் ஆள் மட்டும் தேவைப்படுவார். எங்கள் மத்ரஸாவின் பெரிய மாணவர்கள் அந்த ஹுனைய்களாக இருக்க ஆயத்தமாக உள்ளார்கள்.